எந்த ஆம்ப்பும் சரியில்லை

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்பைத் தூக்க எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கும் பிடிக்காது. தாராவியில் ஆட்டோ நுழையாத சந்துக்குள் கோயில் இருக்கும். மேடையும் அங்கேதான் போட்டிருப்பார்கள். டெம்போவைத் தொண்ணூறு அடி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, டிரம்ஸ்காரரும் தபேலாக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவர, என் அண்ணன் பின்னாலேயே "பாத்துலே, பாத்து, உள்ள கண்ணாடி இருக்கு" என்று கத்திக்கொண்டு வருவான். அவன் தூக்க மாட்டான். தூக்கினால் விரல் நடுங்குமாம், கிட்டார் வாசிக்க வராதாம். எப்போதோ மூடிப்போன ஒரு ஹோட்டலின் மேடையிலிருந்து எங்கள் முதலாளி அதை வாங்கி வந்திருந்தார். முதலாளியை நாங்கள் மாஸ்டர் என்போம். முன்பக்கத் துணி கிழிந்து, ஓரத்துத் தோல் உரிந்து, பார்க்கப் பழைய பெட்டி மாதிரிதான் இருக்கும். பின்னால் குனிந்து பார்த்தால் வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் அதில் சத்தம் வராது. வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறமாக வேண்டும். அதனால் எங்கள் மேடையில் ஒரு வழக்கமே ஏற்பட்டுவிட்டது. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றும்போது அண்ணன் ஆம்ப்பைப் போடுவான். தீபாராதனை முடிந்து கூட்டம் எங்கள் பக்கம் திரும்பும்போது ஆம்ப் தயாராக இருக்கும்.

வாசிப்பதற்கு முன்னால் அதிலிருந்து மெல்லியதாக ஓர் 'உஸ்' வந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது இரைச்சல். அண்ணனுக்கு அது பிடிக்கும். "மூச்சு விடுது, கேட்டியாட்டி?" என்பான். நான் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் பாடுவேன். அவன் கிட்டார் என் குரலை ஒருநாளும் இடித்ததில்லை. நான் மேலே போனால் அது கீழே இறங்கிவிடும், நான் மூச்சு வாங்கும் இடத்தில் வந்து நிரப்பும். அண்ணனும் தங்கையும் ஒரே மேடையில் என்று நோட்டீசிலேயே போடுவார்கள். வீட்டில் நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் அந்த நோட்டீசைப் படித்துச் சிரிப்பார்கள்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். நாங்கள் இருவரும் பிறந்ததே இங்கேதான். அண்ணன் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரஸர் ரூமில் வேலை பார்த்தான். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். ஆர்கெஸ்ட்ரா எங்களுக்குச் சனி, ஞாயிறு வாழ்க்கை. கணபதி, கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன் என்று வருஷம் ஓடிவிடும். பிறகு இருவரும் குடும்பத்தோடு செம்பூருக்குக் குடிபோனோம், அடுத்தடுத்த தெருவில். மேடை மட்டும் மாறவில்லை.

வால்வு ஆம்ப் செத்தது ஒரு கணபதிப் பந்தலில். ஜெனரேட்டர் திடீரென்று எகிறியது, கருகிய வாடை வந்தது, அவ்வளவுதான். லேமிங்டன் ரோட்டில் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்தார். அதன்பிறகு அது பாட்டைவிட அதிகமாக முனகியது. மாஸ்டர் அதைப் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டார். துக்க வீட்டில் நிற்பவனைப் போல அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அன்று தொடங்கியது எனக்குத் தலைவலி. அந்தச் சத்தம் வேண்டும், அதே சத்தம் வேண்டும் என்று அவன் ஆம்ப் தேட ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக வாங்குவான், சில வாரம் கொண்டாடுவான், பிறகு வைவான், விற்பான். கேட்க ஆள் வேண்டுமே, அதற்கு நான்.

நான் பாட்டுக்காரி, எனக்கெதற்கு இதெல்லாம்? ஆனால் அவனோடு சண்டை போட வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செம்பூரிலிருந்து ஆபீசுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே போனில் படித்தேன். பழைய ரேடியோவில் இருந்த அதே கண்ணாடிக் குழாய்தான் வால்வு. அது தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தை ஏற்றினால் அது சத்தத்தை வெட்டாது. ஓரங்களை மழுக்கி, கொஞ்சம் நசுக்கி, வழவழப்பாக்கி அனுப்பும். அந்த மழுக்கலைத்தான் கிட்டார்காரர்கள் சூடு என்றும் உயிர் என்றும் சொல்லித் திரிகிறார்கள். டிரான்சிஸ்டர் அப்படியில்லை. முடிந்தவரை உள்ளது உள்ளபடி கொடுக்கும். எல்லை தாண்டினால் சத்தத்தின் தலையைக் கத்தரித்துவிடும். அது காதில் குத்தும். இரண்டுக்கும் நடுவில் வந்தது ஹைபிரிட். கிட்டாரின் சின்னச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் முன்பகுதியில் ஒரு வால்வு, ஸ்பீக்கரைத் தள்ளும் பின்பகுதியில் டிரான்சிஸ்டர். எடையும் குறைவு, விலையும் குறைவு.

அண்ணன் முதலில் வாங்கியது அந்த ஹைபிரிட்தான். முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே வால்வு எரிவதைக் காட்டினார்கள். அதைப் பார்த்தே அவன் மயங்கிவிட்டான். "பாருட்டி, உசுரு எரியுது" என்றான். கொஞ்ச நாளில் "முன்னால உசுரு இருக்கு, பின்னால பொணம்லா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய ஆம்ப்பில் பாதி வேலையைச் செய்தவை பின்னால் இருந்த பெரிய வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும்தான். அவை திணறும்போது வரும் அந்த நசுக்கல் ஹைபிரிடில் கிடைக்காது. போதாக்குறைக்கு, சில ஆம்ப்களில் வால்வு பெயருக்குத்தான் இருக்கும், நன்றாக எரிவதுபோல் தெரிய அடியில் ஓர் ஆரஞ்சு விளக்கை வைத்துவிடுவார்கள் என்று நான் படித்ததை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவனிடம் சொல்லித் தொலைத்தேன். திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய ஆம்ப்பிலும் அடியில் விளக்கு இருந்தது. அன்றைக்கு மதினி சமைத்ததை அவன் சாப்பிடவில்லை.

அடுத்தது வால்வே இல்லாத வகை. உள்ளே கம்ப்யூட்டர். கிட்டார் சத்தத்தை வாங்கி எண்களாக்கி, ஒரு வால்வு ஆம்ப் இருந்திருந்தால் இதை என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மறுபடி சத்தமாக்கி வெளியே விடும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு ஆம்ப், இன்னொன்றை அழுத்தினால் வேறு ஆம்ப். அதை அண்ணன் மனுஷனாகவே மதிக்கவில்லை. "கணக்குப் போட்டுச் சத்தம் குடுக்குது. பேங்கா நடத்துதோம்?" என்றான். ஆனால் எந்த ஆம்ப்பாக இருந்தாலும் ஒரு காரியம் மட்டும் மாறாமல் நடந்தது. சத்தம் மந்தமாக இருக்கிறது, போர்வை போர்த்தின மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கீச்சுச் சத்தத்தைத் தூக்கும் ட்ரெபிள் திருகைக் கூட்டிக்கொண்டே போனான். கடைசியில் அது முழுக்கத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்குப் போர்வை. எங்களுக்குத் தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி. மாதுங்காவில் ஒரு ரிசப்ஷனில், பெண்ணின் மாமா மேடை ஓரத்துக்கு வந்து மாஸ்டரிடம் கைகூப்பினார். "ஸார், பாட்டெல்லாம் பிரமாதம். அந்த கிட்டார்காரரை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்கோ. சாப்பிடற எடத்துல காது கிழியறது." மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஆம்ப்பைப் பார்த்தான். நாங்கள் எல்லோருமே ஆம்ப்பைத்தான் பார்த்தோம். இத்தனை வருஷம் மேடையில் சத்தத்தோடு வாழ்ந்தவர்கள், குற்றம் மிஷினில்தான் இருக்கும் என்று நம்பினோம். கரண்ட் சரியில்லை, ஒயர் சரியில்லை, வால்வு சரியில்லை.

இதே சமயத்தில் எனக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு மேல் ஸ்தாயியில் என் குரல் பிசிறடிக்கத் தொடங்கியது. முதலில் சளி என்றேன், பிறகு தூசி என்றேன். செம்பூர்க் காற்றைக் குறை சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பது ஒரு வசதி. ஆனால் போனில் பதிவு செய்து கேட்டபோது தெரிந்துவிட்டது. மாஸ்டர் மரியாதையான மனிதர். புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். மாஹிமில் வளர்ந்த பெண். தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பிசகாமல் பாடினாள். உச்சத்துக்குப் போகும் பாட்டெல்லாம் மெதுவாக அவளிடம் போயின. எனக்குத் தாலாட்டும் சாமி பாட்டும் மிஞ்சின. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் மட்டும் சொல்வான்: "அந்தப் பிள்ள நல்லாத்தான் பாடுது. ஆனா உன் குரலு அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குட்டி. ஒரு மாத்தமும் இல்ல." முகத்துக்காகச் சொல்கிறவன் அல்ல அவன். நன்றாக இல்லையென்றால் மேடையிலேயே முகத்தைச் சுளிப்பவன். அதனால் நான் நம்பினேன். போன் பொய் சொல்லலாம், அண்ணன் சொல்ல மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னொரு மேடைக்குத் தைரியம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். மறுபடியும் ஹைபிரிடுக்கே வந்திருந்தான்; வேறு கம்பெனி, நல்ல வால்வு. ட்ரெபிள் வழக்கம்போல் முழுசாகத் திரும்பியிருந்தது. வால்யூமையும் ஏற்றி வைத்துவிட்டு, கிட்டாரைத் தொடாமல், "கேளு" என்றான். அறை முழுக்க 'உஸ்ஸ்ஸ்' என்று சீறியது. சமையற்கட்டிலிருந்து மதினி ஈரக்கையோடு ஓடி வந்தாள். "கேஸு லீக் ஆவுதா? ஜன்னலத் திறங்க!" என்று கத்தினாள். அண்ணன் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். "என்ன கேஸு? எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியாட்டி? துளி இரைச்சல் இல்ல. இந்த மாதிரி ஆம்ப்பு இதுவரைக்கும் வந்ததில்ல" என்றான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். மதினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். குக்கர் விசில் காதில் விழுவதில்லை, பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அதெல்லாம் திமிர் என்றுதான் அவள் நினைத்திருந்தாளாம். இதைப் பிறகு சொன்னாள். மூச்சு விடுகிறது என்று எனக்குக் காட்டியவனே அவன்தான். அவன் காதுக்கு அந்த மூச்சு நின்றுபோய் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கம்ப்ரஸர் ரூமில் காதுக்கு வைத்துக்கொள்ள அவர்கள் பஞ்சு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். அதை வைத்துக்கொண்டால் மிஷின் பேசுவது கேட்காது என்று சொல்லி, அண்ணன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆடாமல் இருக்க மிக்சியின் காலுக்கடியில் வைத்தான். அந்த மிக்சி இன்றும் ஆடுவதில்லை. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செம்பூரில் காது பார்க்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த மராத்திப் பெண் பொறுமையாகச் சோதித்துவிட்டு, கோடு போட்ட தாளைக் காட்டினாள். கனத்த சத்தங்களைக் காட்டும் இடப்பக்கத்தில் கோடு ஒழுங்காக இருந்தது. கீச்சுச் சத்தங்களைக் காட்டும் வலப்பக்கத்தில் மாடிப்படியில் உருண்ட மாதிரி கீழே போயிருந்தது. "காகா, பாரீக் ஆவாஸ் சலா கயா" என்றாள். நுண்ணிய சத்தமெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். கனத்த சத்தம் கேட்கும், கீச்சு கேட்காது, குரலின் ஓரங்கள் கேட்காது. காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அது எப்படி வேலை செய்கிறது என்று அண்ணன் கேட்டான். அவளும் பாவம், விளக்கமாகச் சொன்னாள்: சத்தத்தை வாங்கும், எண்களாக்கும், உங்களுக்கு எது குறைகிறதோ அதைக் கணக்குப் போட்டுக் கூட்டும், திரும்பச் சத்தமாக்கிக் காதுக்குள் விடும். அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் போட்ட சண்டை இருக்கிறதே, தெருவே கேட்டிருக்கும். அவனுக்கு மட்டும் பாதிதான் கேட்டிருக்கும். "மேடையிலயே அந்த நகல் சத்தம் வேண்டாங்கேன். அத காதுக்குள்ள கொண்டு வைக்கச் சொல்லுதியா?" என்றான். "அப்போ ஒண்ணுமே கேக்காம இருக்கப் போறியாண்ணே?" என்றேன். "கேக்கது போதும்" என்றான். கெஞ்சினேன், வைதேன், பேசாமல் இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. போன கொடையில்தான் அவன் சறுக்கினான். மாஹிம் புதுப்பெண் பாடிக்கொண்டிருந்தாள், சரணத்துக்கு முன்னால் கிட்டார் தனியாக வர வேண்டிய இடம். புல்லாங்குழல் முடிந்ததும் எடுக்க வேண்டும். குழலின் கடைசி இழை அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவன் எடுக்கவில்லை. மேடை வெறுமனே நின்றது. பிறகு அவன் எடுத்தபோது அவள் பாட ஆரம்பித்திருந்தாள். இரண்டும் முட்டிக்கொண்டன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமான்களைக் கட்டும்போது மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இப்பல்லாம் கிட்டார் டிராக்கு லேப்டாப்பிலேயே கெடைக்குது. நீங்க வந்து சும்மா உக்காந்தா போதும், மேடைக்கு ஒரு களை" என்றார். இதை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறு வாரம் அண்ணன் தானே போய்க் காது மிஷினை மாட்டிக்கொண்டு வந்தான். மதினி போன் செய்தாள், அழுதாள். குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டானாம். காக்கைக்கு இவ்வளவு சத்தமா என்று கேட்டானாம். நான் புடவையைக்கூட மாற்றாமல் ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தான். பழைய ட்ரெபிள் அளவில் வைத்துவிட்டு, "இந்தக் கர்ண கொடூரத்தயா எல்லாரும் கேட்டிய? ஒருத்தனும் சொல்லலியே" என்றான். எத்தனை தடவை சொன்னோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் சண்டை வேண்டாமென்று விட்டேன். "ஒரு பாட்டு பாடு" என்றான். எங்கள் மேடையில் நான் எப்போதும் முதலில் பாடும் அம்மன் பாட்டைப் பாடினேன். அவன் வாசித்துக்கொண்டே வந்தான். அனுபல்லவியில் குரல் மேலே ஏறியது. அவன் கை நின்றுவிட்டது.

"சரியில்லட்டி" என்றான். "மிஷினு சரியில்ல."

"என்னண்ணே சரியில்ல?"

"உன் குரல்ல பிசிறு போடுது."

"அது மிஷினு போடலண்ணே. இருக்கு."

"அட போட்டி. உன் குரலு எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் அவன் அந்த மராத்திப் பெண்ணிடம் போய்ப் புகார் சொன்னான். அவள் கம்ப்யூட்டரில் எதையோ கூட்டினாள், எதையோ குறைத்தாள். வீட்டுக்கு வந்து என்னைப் பாடச் சொன்னான். முகத்தைச் சுளித்தான். திரும்பப் போனான். மதினியின் குரல் நன்றாக இருக்கிறதாம். டிவி நன்றாக இருக்கிறதாம். புதுப்பெண் போனில் அனுப்பிய பாட்டு பிரமாதமாக இருக்கிறதாம். தங்கச்சி குரலுக்கு மட்டும் இந்த மிஷின் ஒத்துவரவில்லை என்று அந்த மராத்திப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்ன செய்வாள், தங்கச்சியையும் கூட்டி வாருங்கள் என்றாளாம். நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன். எனக்குப் புரிந்துபோயிருந்தது. வால்வு கிட்டாருக்குச் செய்ததைத்தான் அவன் கெட்டுப்போன காது இத்தனை வருஷமும் என் குரலுக்குச் செய்திருக்கிறது. ஓரத்தை மழுக்கி, பிசிறை எடுத்து, பழைய குரலாக்கிக் கொடுத்திருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை, அவனுக்கு அப்படித்தான் கேட்டது. அதை நம்பி நான் மேடை ஏறிக்கொண்டிருந்தேன். மிஷினை மாட்டு, மாட்டு என்று ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் உயிரை எடுத்தவளும் நான்தான். யார்மேல் கோபப்படுவது? அந்தக் கம்ப்ரஸர்மேலா, மாஸ்டர்மேலா? ஒருநாள் திடீரென்று புகார் சொல்வதை நிறுத்திவிட்டான். மிஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "ஆயிட்டு, ஆயிட்டு" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

இந்த வருஷக் கொடை சென்ற வாரம் நடந்தது. அவன் மதிக்காத அந்தக் கம்ப்யூட்டர் ஆம்ப்பைத்தான் கொண்டுவந்திருந்தான். ஒரு கையில் தூக்கிவந்துவிட்டான். சுவிட்சைப் போட்ட மறுநொடியே சத்தம் வந்தது, சூடம் அணையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ட்ரெபிள் நடுவில் நின்றது. முதலில் புதுப்பெண் இரண்டு பாட்டுப் பாடினாள். குழல் முடிந்த இடத்தில், ஓர் இம்மி பிசகாமல், கிட்டார் வந்து நின்றது. மாஸ்டர் லேப்டாப்பை மூடி வைத்தார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். அடுத்து என் பெயரைச் சொன்னார்கள். மைக்கை உயரம் சரிசெய்துகொண்டே அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தந்தி முறுக்குவதுபோலக் குனிந்து, முதலில் வலது காதிலிருந்தும் பிறகு இடது காதிலிருந்தும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். நன்றாகத்தான் வாசித்தான். பாட்டு நெடுக அவன் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கூட்டம் இருந்தது, பாடி முடித்தேன். கைதட்டினார்கள். புதுப்பெண்ணிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நான் படியில் கால் வைப்பதற்குள், அவன் பையிலிருந்து அதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான்.